யாரும் ஆசைப்படாத ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய மெட்ராஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. போட்டோவில் பளபளவென்று சிவப்பு. நேரில் போய் பானெட்டைத் தூக்கினால் உள்ளே மாருதி ஆம்னி எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. "ஏசி கூடப் போட்டுக்கலாம் சார்" என்றார் உரிமையாளர், நிஜமான பெருமையோடு. சேலத்தில் பார்த்ததில் பின்பக்க ஸ்பிரிங்கையே கழற்றி எறிந்துவிட்டு வேறு ஏதோ வண்டியின் ஆக்ஸிலை வெல்டிங் வைத்திருந்தார்கள். மதுரையில் ஒன்று, வெளியே பார்க்க அசலாகத்தான் இருந்தது. உள்ளே டாஷ்போர்டை அறுத்து சிடி பிளேயர், பக்கெட் சீட், கதவுக்குக் கதவு ஸ்பீக்கர்.

இந்த மூன்று பேருமே வண்டியை அலட்சியமாக வைத்திருந்தவர்கள் இல்லை. கையில் காசு வந்தபோதெல்லாம் அதற்குச் செலவழித்தவர்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கிறார்களோ இல்லையோ, வண்டிக்குப் புதுசாக ஏதாவது வாங்கி மாட்டியவர்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இத்தனை நாளும் ஆசையாக வளர்க்கப்பட்ட வண்டிகளையே தேடிப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியதோ கஞ்சத்தனமான ஓர் ஆள் வாங்கி, தேவைக்கு மட்டும் ஓட்டி, கெட்டுப்போனதை மட்டும் மாற்றி, கடைசியில் ஒரு கொட்டகையில் நிறுத்தி மறந்துபோன வண்டி.

ஏன் ஹெரால்டு? நான் இருப்பது தாம்பரம் பக்கம். அடுத்த ஊரான பெருங்களத்தூரில், ஜிஎஸ்டி சாலையோரம்தான் ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்தது. இன்று அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் ஐடி கம்பெனிகளும். பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசிடர், மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்டு என்று இந்தியாவில் கார் என்றாலே மூன்று பெயர்தான் இருந்த காலம் அது. 1950களில் வான்கார்டு, டென் எல்லாம் செய்துவிட்டு, 1961இல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். பிறகு கெஸல். அப்புறம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000. அது ரோவர் காரின் அழகான உடம்புக்குள் வான்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசை வைத்த வண்டி. அதோடு கம்பெனியின் கதை முடிந்தது. ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் இன்று சங்கம், கூட்டம், ஊர்வலம் எல்லாம் உண்டு. நம் ஊரிலேயே பிறந்த வண்டிக்கு அந்த அளவு ஆள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஹெரால்டு இவ்வளவு சுலபமாகச் சிதைக்கப்படுவதற்கு அதன் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1953இல் இங்கிலாந்தில் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கட்டும் கம்பெனியை, போட்டிக் கார் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. ஹெரால்டை முதலில் உருவாக்கிய, கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். இனி அந்தப் பக்கம் போக முடியாது. முழு உடம்பையும் ஒரே துண்டாக அழுத்திக் கொடுக்க வேறு ஆள் இல்லை. எல்லாரும் சேசிஸ் எனும் தனி அடிச்சட்டம் இல்லாத கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் திரும்பவும் தனிச் சேசிஸுக்குப் போனார்கள். இத்தாலியின் மிக்கெலொட்டி வடிவம் வரைந்தார். முன்பாகம், நடு உடம்பு, கூரை, டிக்கி என்று துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து சேசிஸ் மேல் போல்ட் போட்டு இறுக்கும் காராக 1959இல் ஹெரால்டு வெளிவந்தது.

போல்ட் போட்டு இறுக்கியதைக் கழற்றவும் முடியும். ஸ்பேனர் செட் ஒன்று கையில் இருந்தால் போதும், எவரும் எதையும் பிரித்து எதையும் மாட்டலாம். தனியாகச் சேசிஸ் இருப்பதால் வெல்டிங்காரர்களுக்கும் கொண்டாட்டம். பானெட் இருக்கிறதே, அது மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கமாக முழுசாகச் சாய்ந்து திறக்கும். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் மொத்தமாக வெளியே தெரியும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்கு இதைவிடச் சௌகரியமான கார் செய்யப்பட்டதில்லை என்பது என் எண்ணம். அந்தச் சௌகரியமே அதற்கு எமனாக வந்தது.

இங்கிலாந்தில் 1961லேயே 1147 சிசி எஞ்சினுக்கும், 1967இல் 1296 சிசிக்கும் போய்விட்டார்கள். இங்கே கடைசி வரைக்கும் அதே 948 சிசி. ஏறத்தாழ 35 குதிரைத்திறன். அறுபதுகளின் பிற்பகுதியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள், எஞ்சினை மட்டும் தொடவில்லை. ஆகவே எஞ்சின் மாற்றாத இந்திய ஹெரால்டு எந்த வருஷத்து வண்டியாக இருந்தாலும், கோவென்ட்ரியில் 1959இல் நினைத்த அதே வண்டிதான் பானெட்டுக்கு அடியில் இருக்கும்.

வத்தலகுண்டு பக்கம் ஒரு வண்டி இருப்பதாகச் சொன்னவர் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ஓடாது, பாக்கவும் நல்லா இருக்காது, அந்தம்மா அதைக் குப்பைன்னு எடைக்குப் போடப்போறாங்க" என்றார். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன்.

1967 மாடல். இரண்டு கதவு. ஒருகாலத்தில் வெளிர் பச்சையாக இருந்திருக்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரையின் கீழ், நான்கு சக்கரமும் காற்றிறங்கி நின்றது. மேலே வைக்கோல், உள்ளே உர மூட்டைச் சாக்குகள். அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் விவசாயத் துறையில் வேலை பார்த்தவர், அவருடைய வண்டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண் புரை வந்ததும் நிறுத்தியவர் பிறகு எடுக்கவே இல்லையாம்.

"நல்லா வச்சிருந்தாரா அம்மா?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி! ஒரு சீட்டு கவர் போடுங்கன்னா, சீட்டே கவருதானேம்பாரு. எங்க தம்பி வண்டியில ரேடியோ இருக்கே, நாமளும் வைப்போம்னேன். ரோட்டப் பாக்குறதுக்கே நேரம் பத்தல, பாட்டு வேற கேக்கணுமாக்கும்னுட்டாரு. பெயிண்டு அடிக்கச் சொன்னா, அது என்ன கல்யாணத்துக்கா போகுதுன்னு கேப்பாரு."

முகம் தெரியாத அந்த மனிதரை எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது.

மாற்றம் செய்யாத வண்டி என்பதைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, ஸ்க்ரூ தலைகளை. கம்பெனியில் இறுக்கியதோடு சரி என்றால் அதன் பள்ளத்துக்குள் பழைய பெயிண்டோ அழுக்கோ படிந்து விளிம்பு கூர்மையாக இருக்கும். யாராவது அளவு சேராத ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகியிருந்தால் அந்தப் பள்ளம் பிய்ந்து வாய் அகன்றிருக்கும். டாஷ்போர்டைச் சுற்றி, கதவுப் பேனலில், மீட்டருக்குப் பின்னால் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். இந்த வண்டியில் ஹெட்லைட் வளையத்திலும் கதவுக் கைப்பிடியிலும் மட்டும்தான் கை பட்ட தடம் இருந்தது. பல்பு மாற்றியிருப்பார், கைப்பிடி ஆடியிருக்கும். அவ்வளவுதான்.

அடுத்தது வயரிங். இங்கிலாந்தின் லூகாஸ் வண்ணக் கணக்கு ஒன்று உண்டு. பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, அதிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சின்ன விளக்குகளுக்கு, கறுப்பு எர்த். டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தால் எல்லா வயரும் அந்தக் கணக்கிலேயே இருந்தன. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்கூட இல்லை. எலி இரண்டு இடத்தில் கடித்திருந்தது. எலி கடித்ததை ஒட்டிவிடலாம், ஏனென்றால் எது எதோடு சேரவேண்டும் என்று நிறமே சொல்லும். நாலு எலக்ட்ரீசியன்கள் கையில் கிடைத்த வயரையெல்லாம் இழுத்துக் கட்டிய வண்டியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

அசல் வண்டியின் பெரிய லாபம் இதுதான். அறுபது வருஷத்துக்கு முன்னால் அச்சிட்ட சர்வீஸ் புத்தகம் சொல்வது இன்றைக்கும் அப்படியே பொருந்தும். விலை ஏறும், கண்காட்சியில் மதிப்பு என்பதெல்லாம் அப்புறம்.

பிறகு காந்தம். துணி சுற்றிய சின்னக் காந்தத்தை உடம்பெல்லாம் வைத்துக்கொண்டே வந்தால், பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது. இடது பின் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் தவிர எல்லாமே தகரம். சேசிஸின் பக்கவாட்டு நீட்டல்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். ஹெரால்டில் முதலில் இற்றுப்போவது அதுதான். முன்னால் இரண்டும் கல்லுபோல் இருந்தன, பின்னால் டிக்கிக்கு அடியில் ஒன்று பொருபொருவென்று உதிர்ந்தது. கதவு, பானெட் இடைவெளிகள் ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் நகம்கூட நுழையாது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்த கார் அது, கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் கோணல்தான். எல்லா இடைவெளியும் அளவெடுத்தாற்போல் ஒன்றாக இருக்கும் ஹெரால்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

விலை பேசுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எடைக்குப் போட்டால் வருவதைவிடப் பல மடங்கு கொடுத்தேன், அந்த அம்மாவுக்கும் திருப்தி. காகித வேலைதான் இழுத்தது. உரிமையாளர் இறந்துவிட்டதால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் அம்மா பெயருக்கு, பிறகு படிவம் 29, 30 கொடுத்து என் பெயருக்கு. அதற்கும் முன்னால், கையால் எழுதிய பழைய லெட்ஜரில் இருந்த வண்டியை வாகன் கணினிப் பதிவுக்குள் ஏற்ற வேண்டியிருந்தது. பழைய வண்டி வாங்குபவர்கள் துருவைப் பார்ப்பதற்கு முன் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் அதில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டிகள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

லாரியில் ஏற்றித் தாம்பரம் கொண்டுவந்தேன். முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது ஹெரால்டுகள் வந்துபோன பட்டறையில் கைவேலை பழகியவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், பானெட்டைச் சாய்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாரும் கைவைக்கல சார். நம்மளும் வைக்காம இருந்தா நல்லது" என்றார். வேலை கொடுக்க வந்தவனிடம் வேலை வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக் அமைவது அபூர்வம்.

நண்பர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டார்ட் ஆச்சா?" ரொம்ப நாள் நின்ற வண்டியில் பேட்டரியை மாட்டிச் செல்ஃப் அடிப்பதுபோல் கெடுதல் வேறில்லை. சிலிண்டர் சுவரில் ரிங் துருவோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் உடையும். பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி அப்படியே ஊற விட்டோம். பிறகு டாப் கியரில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் வண்டியை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்தோம். ஃபேன் பிளேடு லேசாக நகர்ந்தது. எஞ்சின் துருவில் இறுகிப்போகவில்லை.

டேங்கிலிருந்த பெட்ரோல் பெயரளவுக்குத்தான் பெட்ரோல். வார்னிஷ் வாடை அடிக்கும் பழுப்புக் குழம்பு. டேங்கைக் கழற்றி உள்ளே கழுவி, குழாய்களை ஊதி, கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்களைச் சுத்தம் செய்தோம். எண்ணெய் மாற்றி, காயில் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டோம். பிளக்குக்கு மின்பொறி கிளப்பும் சிபி பாயின்ட்டை எமரித் தாளில் தேய்த்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி வைத்தார் அண்ணன். அதன் பிறகுதான் பிளக் மாட்டியது. மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஒரு மேகம் அளவுக்குப் புகை, எதிர்வீட்டுப் பாட்டி திட்டினார், அவ்வளவுதான். எஞ்சின் ஓடுவதைவிட நிற்பது முக்கியம் என்று சொல்லி அண்ணன் உடனே பிரேக்குக்குப் போய்விட்டார்.

நான்கு சக்கரமும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. கிளட்ச்சும் ஆயிலில் இயங்குவதுதான், அதன் மாஸ்டர் சிலிண்டரும் அதே கதி. ஜிபி ரோட்டில் ரப்பர் கப்புகள் கிடைத்துவிட்டன, சிலிண்டர்கள் கிடைக்கவில்லை. பழைய சிலிண்டர்களை லேத்தில் கடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 1967ஆம் வருஷத்துச் சாமான்தான். உள்ளே இனி துருப்பிடிக்காது. இந்த மாதிரி வேலை செய்ய இன்னும் ஆள் இருக்கும்வரை நம் ஊரில் பழைய வண்டி வைத்திருப்பது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

முன் சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெரால்டு வைத்திருப்பவர் உயிர் அதில்தான் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை பித்தளை மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. அதற்குள் விடவேண்டியது கியர் ஆயில், இபி 90. பார்க்கிறவர்களுக்கு அது கிரீஸ் அடிக்கும் இடம்போலவே தெரியும். வாட்டர் சர்வீஸ் செய்கிற இடங்களில் கன்னை வைத்துக் கிரீஸை ஏற்றிவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து கட்டியாகி மரைக்குப் போகாது, பக்கத்திலேயே தங்கி வழியை அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். இரும்பு மரை துருப்பிடித்து மெலிந்து, ஒருநாள் சக்கரம் திருப்பும்போது தண்டு முறிந்து, சக்கரம் மடங்கி வண்டிக்கடியில் போய்விடும்.

அண்ணன் இடது பக்க ட்ரனியனைத் திருகிக் கழற்றினார். உள்ளிருந்து கறுப்பாக, மெழுகுபோல் இறுகிய ஒன்று உருண்டு விழுந்தது. விரலில் எடுத்து நசுக்கி என்னிடம் காட்டினார். "இதுல ஆயில்தான் விடணும்னு எங்க முதலாளி கொட்டு வச்சுச் சொல்லிக்கொடுத்தாரு சார்." தண்டின் மரையில் அரிசி அரிசியாகக் குழி. அதைத் திரும்ப மாட்ட முடியாது. வலது பக்கம் பரவாயில்லை, இருந்தும் சேர்த்தே மாற்றினோம். ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் எல்லாம் ஹெரால்டின் சொந்தக்காரர்கள் என்பதால் முன் சஸ்பென்ஷன் சாமான்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சுங்க வரியோடு சேர்த்து வலிக்கத்தான் செய்தது. இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பின்பக்கம் வேறு கூத்து. டிஃபரன்ஷியல் சேசிஸோடு நிலையாக நிற்கும். அதன் மேல் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அரை ஆக்ஸில்கள் இரண்டும் தனித்தனியே ஊசலாடும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரங்கள் தொங்கி உள்ளே மடங்கிக்கொள்ளும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டே சட்டென்று பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் அதே மாதிரி மடங்கி வண்டியைச் சுற்றிவிடும். சேலத்துக்காரர் அதைக் கழற்றி எறிந்ததற்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கப் பழகிக்கொண்டால் அதில் ஒரு குறையும் இல்லை. அதோடு 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பும் கார் இது. முடிச்சூர் சந்துகளில் ஒரே வீச்சில் யூ டர்ன் அடிக்கும்போது ஆட்டோக்காரர்களே திரும்பிப் பார்க்கிறார்கள்.

எதை மாற்றலாம், எதை விடலாம் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் நடந்த வாக்குவாதங்களைத் தனியாகவே எழுதலாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டுப் புதுக்கால ஆல்டர்னேட்டர் போட்டுக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த டைனமோ 20 ஆம்பியர் சுமார்தான் கொடுக்கும், சிக்னலில் நிற்கும்போது ஒன்றுமே கொடுக்காது, சிவப்பு விளக்கு மினுக்கும். ஏசி, ஸ்பீக்கர் எதுவும் இல்லாத வண்டிக்கு அது தாராளம். விட்டுவிட்டோம். ஹெட்லைட்டுக்கு மட்டும் ரிலே வைத்தோம், கண்ணில் படாத இடத்தில், பழைய வயரை வெட்டாமல். கழற்றினால் தடம் தெரியாது. சீட் பெல்ட்டை நான் கேட்டேன், அண்ணன் ஓட்டை போட மாட்டேன் என்றார். கடைசியில் சேசிஸ் வரை இறங்கும் உறுதியான பிடிமானத்தோடு போட்டோம். அந்த ஓட்டைகளுக்காக யாராவது என் வண்டியை அசல் இல்லை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். டயர், 5.20-13 நைலானுக்குப் பதில் 155/80 ரேடியல்.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் சிக்கல். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. இந்த வண்டியோ அதற்கு முன்பே கொட்டகைக்குள் போய்விட்டது, ஈயமில்லா பெட்ரோலின் வாசமே தெரியாத எஞ்சின். ஈயம் வால்வு சீட்டின் மேல் ஒரு பூச்சாக நின்று காப்பாற்றியது. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் வார்ப்பிரும்பு சீட் மெல்ல மெல்லத் தேயும். எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போட்டுவிடலாம். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வால்வுக்கு மேலே விடும் டாப்பெட் இடைவெளியை அவ்வப்போது அளந்து எழுதி வைக்கிறேன். அது குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஹெட்டைத் தொடலாம். எத்தனால் விஷயத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இருபது சதம் எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிப் பிசுபிசுத்துவிடும். பெட்ரோல் ஹோஸ் எல்லாம் விட்டான் ரப்பருக்கு மாற்றி, பம்ப்பின் டயாஃப்ரத்தையும் மாற்றியாயிற்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்துவதில்லை.

பெயிண்டை நான் தொடவே இல்லை. கட்டிங் காம்பவுண்ட் போட்டு லேசாகத் தேய்த்ததில், வைக்கோலுக்கு அடியில் வெளுத்துப்போயிருந்த பச்சை கொஞ்சம் திரும்பி வந்தது. கூரையில் சில இடங்களில் அடிப்பூச்சு தெரிகிறது. உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில், வெயிலே படாத இடத்தில், 1967இல் அடித்த நிறம் அப்படியே ஈரமாக இருப்பதுபோல் மின்னுகிறது. மறுபடி அடிக்க நினைப்பவருக்கு அந்த மாதிரி வேண்டும், அதனால் அங்கே பாலிஷ்கூடப் போடவில்லை. இற்றுப்போன சேசிஸ் துண்டை மட்டும் வெட்டி அதே கனத் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.

பதிவு விஷயத்தில் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கவேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிபவர்களுக்கு விஏ வரிசையில் எண். ஏற்கெனவே பதிந்தவர்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் ஆம்னி எஞ்சின்காரருக்கு இந்தக் கதவு திறக்காது. எனக்குத் திறக்கும், ஆனாலும் நான் போகவில்லை. அந்தப் பதிவில் இருக்கும் வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் என்று சில காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். நான் இந்த வண்டியில் காய்கறி வாங்கப் போகவேண்டும். ஆகவே எல்லாப் பழைய வண்டிகளையும்போல எஃப்சி காட்டி, ஐந்து வருஷத்துக்குச் சாதாரணப் புதுப்பிப்புதான் வாங்கியிருக்கிறேன். வண்டியைப் பரிசோதித்த அதிகாரி பானெட் முன்பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை திறந்து காட்டச் சொன்னார். பரிசோதனைக்காக இல்லை.

பாக்கி இருப்பது கூரை. ஹெரால்டின் கூரை தனித் துண்டு, பின்பக்கம் உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் பீடிங். அது காய்ந்து வெடித்துவிட்டது. போன ஐப்பசியில் பின்சீட்டில் தண்ணீர் சொட்டியது. புதுப்பேட்டையில் தேடிப் பார்த்தோம், அந்த அளவில் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி அப்பிவிடச் சொல்கிறார்கள், ஐந்து நிமிஷ வேலையாம். சிலிக்கான் பட்ட இடத்தில் அப்புறம் பெயிண்டும் பிடிக்காது, பீடிங்கும் உட்காராது. இங்கிலாந்திலிருந்து பீடிங் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை மழை அறிகுறி தெரிந்தால் ஸ்கூட்டர்தான்.